வரைபடத்தில் இல்லாதது

ஜனவரி 9

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நலமாக இருக்கிறேன். முழங்கால்தான் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை, உன்னைப் போலவே.

நான் அனுப்பிய வரைபடத்தை வைத்துக் கணக்குப் போட்டு, என் ஜன்னல் சட்டத்தின் வெப்பக் கசிவு 2.4 என்று உன் ஆய்வகம் எழுதியிருக்கிறது. இரண்டைத் தாண்டினால் சான்றிதழ் கிடையாதாம். பள்ளிக்கூடக் கட்டடத்துக்கு முந்நூறு ஜன்னல் கேட்டவர்கள் அந்தச் சான்றிதழுக்குத்தான் காத்திருக்கிறார்கள். பட்டறையில் சட்டத்தின் ஒரு பக்கம் ஐஸ் பெட்டியை வைத்து, மறுபக்கம் ஆறு தெர்மாமீட்டர் ஒட்டி, பதினோரு நாள் உட்கார்ந்து அளந்தேன். எனக்கு வந்தது 1.6. கல்லூரி வாசலை மிதிக்காதவன் கணக்கு என்றால் உங்களுக்கெல்லாம் இளக்காரம்.

திரும்பப் போட்டுப் பார்.

அப்பா

ஜனவரி 20

அன்புள்ள அப்பாவுக்கு,

மூன்று தடவை போட்டுவிட்டேன். உங்கள் வரைபடத்தில் சட்டத்துக்குள் ஒரு பொந்து இருக்கிறது. அதிலுள்ள காற்று சும்மா இருக்காது. சூடான சுவரோரம் மேலே ஏறும், குளிர்ந்த சுவரோரம் கீழே இறங்கும், சுற்றிச் சுற்றி வெப்பத்தைக் கடத்திவிடும். அதனால்தான் கணினி மாதிரியில் 2.4 வருகிறது.

ஆனால் நீங்கள் அளந்தது தப்பாக இருக்காது. எங்கள் மாதிரியில்தான் பிழை என்று மேலாளரிடம் வாதாடிக்கொண்டிருக்கிறேன். "அப்பான்னா அப்படித்தாம்மா தோணும்" என்று சிரிக்கிறார்.

வரைபடத்தில் எல்லாம் இருக்கிறதா அப்பா?

உங்கள் பாப்பா

ஜனவரி 28

பாப்பா,

வரைபடத்தில் இருக்க வேண்டியது இருக்கிறது. அவர் சிரித்தபோது நீ எழுந்து வந்திருக்க வேண்டும். மாதிரியைத் திருத்தச் சொல். நான் திருத்த எதுவும் இல்லை.

அப்பா

பிப்ரவரி 15

அப்பாவுக்கு,

போன வருடம் என் சமையலறையில் நீங்கள் மாட்டிக்கொடுத்த இதே ரக ஜன்னலைக் கழற்றி, சட்டத்தை ரம்பத்தால் குறுக்கே அறுத்தேன். உள்ளே பொந்தே இல்லை. காற்று அசைய இடமில்லாமல் முழுக்க மஞ்சள் ஃபோம். அதைச் சேர்த்துக் கணக்குப் போட்டால் 1.6 வருகிறது. எங்கள் மாதிரியும் சரி, உங்கள் ஐஸ் பெட்டியும் சரி.

அம்மாவிடம் போனில் கேட்டேன். "யாருக்கு அனுப்பினாலும் ஏதாவது ஒண்ணை வரையாம விட்டுட்டுத்தான்டி அனுப்புவார். அந்தப் பட்டறைக் கூட்டாளி அவர் வரைபடத்தைக் காப்பியடிச்சதிலேர்ந்து அப்படித்தான்" என்றாள்.

எனக்குமா அப்பா? ஐந்து வாரம் ஓர் அறை நிறைய ஆட்களிடம் "நீங்கள் எல்லாரும் தப்பு" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். இன்று மன்னிப்புக் கேட்டுவிட்டு, உங்கள் கோப்பை வேறொருவரிடம் கொடுத்துவிட்டேன். இனிமேல் அலுவலக முகவரிக்கே எழுதுங்கள்.

மகள்

மார்ச் 1

அன்புள்ள பாப்பாவுக்கு,

வீட்டு முகவரிக்கே எழுதுகிறேன். திருப்பி அனுப்பினால் அனுப்பு.

நல்ல சட்டத்தை அறுத்துவிட்டாய். என்னைக் கேட்டிருக்கலாம். எல்லாம் இருக்கிறதா என்று கேட்டாய்தான், மறுக்கவில்லை. அந்தக் கூட்டாளி பன்னிரண்டு வருடம் என்னோடு ஒரே டப்பாவில் சாப்பிட்டவன். அதற்குப் பிறகு வரைய உட்கார்ந்தால் கை தானாக ஒன்றை விட்டுவிடுகிறது. யாருக்கு வரைகிறோம் என்று அது பார்ப்பதில்லை. உனக்கு வரைந்தபோதாவது நான் பார்த்திருக்க வேண்டும்.

இத்துடன் முழு வரைபடம் வைத்திருக்கிறேன். ஃபோம் இருக்கும் இடத்தில் மஞ்சள் பென்சிலால் தீட்டியிருக்கிறேன். இது உன் அலுவலகத்துக்கு இல்லை, உனக்கு.

ஃபோமை எந்தச் சூட்டில் ஊற்றுவது என்பதை மட்டும் எழுதவில்லை. தபால் எத்தனை கை மாறி வருகிறதோ. நீ ஒரு நடை வா, சொல்கிறேன்.

அப்பா