ஏழூற்றின் ரப்பர் வரைபடம்

என் அக்காவைக் கட்டிக்கொண்டு, கூடவே என்னையும் சுமந்த அன்பு மச்சானே,

இலங்கைக்கு இனி இரண்டு தலைநகரங்கள். ஒன்று கொழும்பு, மற்றது நம் ஏழூற்று. தெஹியோவிட்ட பஸ் நிற்கும் மேட்டில் மும்மொழியிலும் பெயர்ப்பலகை நட்டாயிற்று. அதன் பளபளப்பு சிவனொளிபாத மலை வரை அடிக்கிறது என்று சொல்லி வருகிறேன். இதுவரை யாரும் மறுக்கவில்லை.

ரப்பர் தோட்டத்தின் 'கீழ் டிவிஷன்' என்பதைத் தவிர நமக்கு வேறு முகவரி இருந்ததா? தோட்டத்து ஆபீசில் கிடந்த உங்கள் வேலைக்கான நேர்முகக் கடிதம், குறித்த நாள் போன பிறகல்லவா கைக்கு வந்தது? அன்றைக்குத்தான் ரப்பர் ஷீட் காயவைக்கும் புகைவீட்டில் உட்கார்ந்து, ஒரு ஷீட்டின் மேல் சூட்டுக்கம்பியால் ஊரையே கீறினீர்கள். பாட்டன்மார் காடு வெட்ட வந்து முதலில் தண்ணீர் குடித்த ஏழு ஊற்றுகள், இரண்டு கல்யாண ஊர்வலங்கள் எதிரெதிரே வந்து விடியும்வரை வழிவிடாத சண்டைப் பாலம், எல்லாம் அதில் இருந்தன; மேலே 'ஏழூற்று' என்ற பெயரும்.

போன மாதம் ஊர்ப்பெயர்களைப் பதிய ஒரு சிங்கள அதிகாரி வந்தார். பழைய அத்தாட்சி கேட்டார். மச்சான், கோபப்படாமல் கேளுங்கள். நீங்கள் கண்ணை மூடிய பிறகு உங்கள் வரைபடம் என் கூரை ஓட்டையை அடைத்துக்கொண்டிருந்தது.

"ஊரையே தூக்கிக் கூரையில போட்டியாடா?" என்றாள் அக்கா.

"ஊருதான் அக்கா என்னைய நனையாமப் பாத்துக்கிச்சு" என்றேன். அதிகாரி பக்கத்தில் நின்றதால் தப்பினேன்.

இறக்கி விரித்தோம். காற்றுக்குப் பறக்காமல் நான் கட்டியிருந்த கல், ஒரு மூலையை இழுத்து நீட்டியிருந்தது. நம் ஓடை கரவனெல்ல ஆஸ்பத்திரிக்குள்ளேயே புகுந்துவிடும் போலிருந்தது. அதிகாரி ஷீட்டைச் சுண்டிப் பார்த்தார்.

"மாமா, உங்கட ஊர் இழுக்க இழுக்கப் பெரிசாகுது தானே. ஏழு ஊத்தும் காட்டுங்க, பேரை எழுதுறன். இல்லாட்டி கீழ் டிவிஷன்தான்."

எனக்குத் தெரிந்தவை நான்கு. வரைபடத்தைப் பிடித்துக்கொண்டு நடந்ததில் புதருக்குள் ஐந்தும் ஆறும் கிடைத்தன. ஏழாவது, நீண்டுபோன மூலையில் இருந்தது. அந்தக் கணக்கின்படி அது அடுத்த தோட்டத்தில். அதிகாரி பேனாவை மூடினார்.

அக்காதான் சொன்னாள்: "மத்த மூணு மூலையையும் அதே அளவுக்கு இழுங்கடா."

ஆளுக்கொரு மூலையாக இழுத்தோம். சோம்பல் முறித்து எழுந்தது மாதிரி, ஊர் தன் உருவத்துக்கு வந்தது. ஏழாவது ஊற்று சண்டைப் பாலத்துக்குச் சற்றுக் கீழே வந்து நின்றது. ஓடினோம். பெரணிச் செடிகளுக்கிடையில் கால் வைத்த அதிகாரி முழங்கால்வரை ஊற்றுச் சேற்றில் இறங்கினார்.

"ஹரி, சரிதான், ஏழு" என்றார், கழன்ற சப்பாத்தை ஒரு கையில் பிடித்தபடி. நின்ற இடத்திலேயே எழுதினார்.

அந்த ஷீட் இனி என் கூரைக்குப் போகாது, மச்சான். கேகாலை மாவட்டத்து மழை முழுவதும் என் தலையில் கொட்டினாலும் சரி. இது சத்தியம்.

இந்தக் கடிதத்தை நாளைக்கே தபாலில் போடுகிறேன். உங்கள் பெயர், வீட்டு இலக்கம், ஏழூற்று, தெஹியோவிட்ட. 'ஆள் இல்லையே' என்று தபால்காரர் தயங்கினால், 'ஊர் இருக்கிறதே' என்பேன். அக்கா வாசலில் நின்று வாங்குவாள். இந்த முறை உங்கள் கடிதம் நாள் தப்பாது.

இப்படிக்கு,
கூரை ஒழுகும் உங்கள் மச்சினன்,
சின்னராசு, ஏழூற்று.