தீபாவளி முடியட்டும்

மூன்று மணிக்கே இருட்டிக்கொண்டு வந்துவிட்டது. கிள்ளானில் ஐப்பசி மழை எப்படிக் கொட்டும் என்று உனக்குத் தெரியாததா? கொடியில் கிடந்த துணிகளை அள்ளிக்கொண்டு உள்ளே ஓடிவந்தேன். உடம்பு நடுங்கியது. அலமாரியைத் திறந்து உன் ஒட்டுப்போர்வையை எடுத்தேன். அந்துருண்டை வாடைக்கு அடியில் இன்னும் ஓம வாடை அடிக்கிறது. முறுக்கு பிழிந்த கையோடு ஊசியைத் தொடாதே என்று எத்தனை தடவை கத்தியிருப்பேன், கேட்டாயா நீ? போர்வையை விரித்ததுதான் தாமதம், கிச்சாப் ஏறி நட்டநடுவில் படுத்துக்கொண்டது. சோயா சாற்றின் நிறம் என்று நீ பெயர் வைத்த அதே கறுப்புப் பூனைதான். இப்போது என் வீட்டில்தான் சோறு, என் வீட்டில்தான் திமிர்.

நடுக்கம் மழையால் இல்லை. சுற்றி வளைக்காமல் உன்னிடம் சொல்லிவிடுகிறேன், பயமாக இருக்கிறது. போன வியாழக்கிழமை காலையில் குளிக்கும்போது, சோப்புப் போட்ட கை இடது மார்பில் ஓரிடத்தில் நின்றுவிட்டது. கொண்டைக்கடலை அளவு. வலி இல்லை. தள்ளிப் பார்த்தேன், நகரவில்லை. தண்ணீர் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது, நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மறுநாள் யாருக்கும் சொல்லாமல் கிளினிக்குக்குப் போனேன். அந்த டாக்டர் பெண் தொட்டுப் பார்த்துவிட்டு, முகத்தை மாற்றாமல், பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தது. நாளை காலை ஒன்பது மணிக்கு ஊசி குத்திக் கொஞ்சம் சதை எடுத்துப் பார்ப்பார்களாம். தீபாவளிக்கு இன்னும் எட்டு நாள் இருக்கிறது.

ஊசி என்றதும் உன் ஞாபகம் வராமல் இருக்குமா? வாரத்துக்கு ஒன்று தொலைப்பாய். தைத்துக்கொண்டே இருப்பாய், அடுப்பில் குழம்பு பொங்கும், எழுந்து ஓடுவாய், திரும்பி வந்தால் ஊசி போர்வைக்குள் எங்கோ போயிருக்கும். முதல் தடவை நான் விரலால் துழாவிக் குத்திக்கொண்டு அலறியபோது நீ விழுந்து விழுந்து சிரித்தாய். பாவி! "விரலால தேடுனா குத்தும்டி. உள்ளங்கைய பரப்பி, அமுக்கமா, மெதுவா தடவு. ஊசி தானா சொல்லும்" என்றாய். இரண்டு வீட்டுக்கும் நடுவே இருந்த வேலிமேல் போர்வையைப் போட்டு, நீ அந்தப் பக்கம் நான் இந்தப் பக்கம் என்று எத்தனை ஊசி தேடியிருப்போம். அந்தப் பழக்கத்தில்தான் என் உள்ளங்கை அன்று நின்றது.

தலைநகரத்துப் பிரிக்பீல்ட்ஸ் தையல் கடையில் நீ வேலை பார்த்த காலத்தில், தீபாவளிக்கு ஒரு மாதம் முன்பிருந்தே ரவிக்கை வெட்டுத்துணிகளை மூட்டை மூட்டையாகக் கொமுட்டர் ரயிலில் ஏற்றிக்கொண்டு கிள்ளானுக்கு வருவாய். நீ தைத்த போர்வை ஒவ்வொன்றும் ஒரு தீபாவளி. மயில்கழுத்து நிறம் நிறைய இருந்தால் ஒரு வருடம், ரோஸ் நிறம் நிறைய இருந்தால் இன்னொரு வருடம். "கே.எல்.ல பாதி பொம்பளைங்க முதுகு எங்கிட்டதான் இருக்கு லா" என்பாய். அடியில் கொடுக்க உன் வீட்டுக்காரரின் பழைய வேட்டி. ஓரத்துக்கு மட்டும் புதுத்துணி கேட்பாய், அதற்கு என் புடவையில் கை வைப்பாய்.

நமக்குள் சண்டையே இல்லை என்று நான் பொய் எழுத மாட்டேன். உன் பூனைகள் என் பாண்டான் செடியில் மூத்திரம் போனதற்காக ஒரு வாரம் பேசாமல் இருந்தேன். நெய்ச்சோற்றுக்கு ஒரு இலை கிள்ளிப் போட முடியவில்லையே, கோபம் வராதா? பேச்சை முறித்துக்கொண்டபோதும் என் சமையலுக்குக் கறிவேப்பிலை உன் மரத்திலிருந்துதான் வந்தது. வேலிக்கு இந்தப் பக்கம் நீண்ட கொப்பை நீ வெட்டவில்லை, நானும் கேட்காமல் ஒடித்துக்கொண்டேன். எட்டாம் நாள் நீ ஒரு கிண்ணம் ரசத்தோடு வந்து, "பூனைக்குப் புத்தி சொல்லிட்டேன், குடி" என்றாய்.

அந்த வருடத் தீபாவளிக்கு முன்னால், நாம் இருவரும் உன் வீட்டுப் பின்கட்டில் முறுக்கு சுட்டுக்கொண்டிருந்தோம். இருபது டின் ஆர்டர், உனக்கு ஞாபகம் இருக்கும். அப்போது கிச்சாப் வேலியிலிருந்து உன் மார்பின்மேல் தாவியது. நீ "ஸ்ஸ்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு குனிந்தாய். என்னடி என்றேன்.

"ஒண்ணுமில்ல. ஒரு கட்டி மாதிரி இருக்கு. ஊசி தேடுற மாதிரி தடவிப் பாத்தேன். தீபாவளி முடியட்டும், போய்க் காட்டுறேன்."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? நீ மறந்திருப்பாய், நான் மறக்கவில்லை. மாவு காய்கிறதே என்ற கவலையில், அச்சைக் கையில் பிடித்துக்கொண்டு, "ஆமா ஆமா, தீபாவளி முடியட்டும்" என்றேன். அந்த ஒரு வார்த்தையை இன்றுவரை என்னால் விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

தீபாவளி முடிந்தது. பொங்கல் முடியட்டும் என்றாய். பொங்கலுக்கு அடுத்து தைப்பூசம் வந்தது. பத்துமலையில் பால்குடம் எடுக்க விரதம் இருக்கிறேன், இப்போது போய் ஆஸ்பத்திரி வாசலை மிதிப்பதா என்றாய். படி ஏறும்போது இடது கையை உயர்த்த முடியாமல் வலது கையால் மட்டும் குடத்தைப் பிடித்துக்கொண்டு போனாய். பின்னால் வந்த நான் அதைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டேதான் ஏறினேன். பிறகு சீனப் பெருநாள், எதிர்வீட்டு ஆன்டி கொடுத்த ஆரஞ்சு, அப்புறம் ஹரி ராயா நோன்புப் பெருநாள் லீவுக்கு ஊருக்கு வரும் உன் மகள். எல்லாப் பண்டிகையும் கொண்டாடுகிற நாடு இது, தள்ளிப்போட நினைத்தால் வருடம் முழுக்கத் தள்ளிப்போடலாம். ஒருவழியாக நீ ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டர் கேட்ட முதல் கேள்வி, ஏன் இவ்வளவு நாள் என்பதுதான். அடுத்த தீபாவளி வரவில்லை. புரட்டாசியிலேயே போய்விட்டாய்.

போவதற்கு ஒரு வாரம் முன்னால் உன்னைப் பார்க்க வந்தேன். நான் உன்னைத் திட்டத்தான் வந்தேன், உண்மையைச் சொல்கிறேன். இப்படியா ஒருத்தி உயிரை அலட்சியமாக விடுவாள் என்று. நீ கட்டிலில் குச்சி மாதிரி கிடந்தாய், காலடியில் இந்தப் போர்வை பாதி தைத்தபடி கிடந்தது.

"அலட்சியம் இல்லடி. பயம். தீபாவளி, பொங்கல்லாம் சும்மா சாக்கு. போனா சொல்லிடுவாங்களேன்னு பயந்து நின்னுட்டேன். நீயாச்சும் என்னை இழுத்துட்டுப் போவேன்னு பாத்தேன்."

கிச்சாப்பையும் போர்வையையும் என் கையில் கொடுத்தாய். கடைசி மூலையில் ஊசி குத்தியபடி இருக்கிறது, பார்த்து மடி என்றாய்.

உன்மேல் எனக்கு நிறையக் கோபம் இருந்தது. இன்று காலையோடு போய்விட்டது. ஏன் என்று கேள். இன்று காலை பத்து மணிக்கு நான் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். முறுக்கு மாவு அரைத்து வந்துவிட்டது, மருமகளுக்கு முதல் தீபாவளி, வீடு ஒட்டடை அடிக்கவில்லை, இதையெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டுதான் நம்பரை அழுத்தினேன். எடுத்த நர்ஸ் நம் தமிழ்ப் பெண்தான். ஏன் ஆன்டி மாத்தணும் என்று கேட்டது.

"தீபாவளி முடியட்டும்மா" என்றேன்.

சொன்னது என் வாய், குரல் உன் குரல். அந்தப் பெண், "ஓகே ஆன்டி, தீபாவளிக்கு அப்புறம் எப்ப வரீங்க?" என்று கேட்டது. பாவம், அதற்கு அங்கே நூறு வேலை. அன்று என் கையில் அச்சு இருந்த மாதிரி அதன் கையில் பேனா இருந்திருக்கும். நாற்காலியில் கிச்சாப் என்னையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"வேணாம்மா, மாத்தாத. நாளைக்கே வரேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

மத்தியானம் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். நீ என்னிடம் எதிர்பார்த்ததை நான் அவரிடம் வாய்விட்டே கேட்டேன். "நாளைக்கு நான் ஏதாவது சாக்கு சொல்வேன். கேட்காதீங்க, என்னை இழுத்துட்டுப் போயிடுங்க" என்றேன். லோரி ஓட்டிய மனிதர், பேச்சு கம்மி. எண்ணெய் காய்ந்துகொண்டிருந்த அடுப்பை அணைத்தார். "எத்தன மணிக்கு?" என்று மட்டும் கேட்டார். மழை தொடங்கும் முன்னாலேயே காரை வாசலைப் பார்த்துத் திருப்பி நிறுத்திவிட்டு வந்தார். மாவுப் பாத்திரத்தை மூடி ஐஸ்பெட்டியில் வைத்ததும் அவர்தான்.

மழை விட்டுவிட்டது. உன் கறிவேப்பிலை மரம் இன்னும் சொட்டுகிறது. உன் வீட்டில் இப்போது இருப்பவர்களும் அந்தக் கொப்பை வெட்டவில்லை. போர்வையைத் தடவிப் பார்த்தேன், உள்ளங்கையைப் பரப்பி, அமுக்கமாக. கடைசி மூலையில் நீ குத்தி வைத்த ஊசி துருப்பிடித்து அப்படியே இருக்கிறது. தீபாவளி முடியட்டும், உட்கார்ந்து தைத்து முடிக்கலாம் என்று நானும் ஒவ்வொரு வருடமும் தள்ளிக்கொண்டுதான் வந்திருக்கிறேன், பார்.

ஊசியை உருவி எடுத்துவிட்டேன். நாளைக்கு இந்தப் போர்வையை எடுத்துப் போகிறேன், ஆஸ்பத்திரி ஏர்கோன் எனக்கு ஆகாது. காத்திருக்கும்போது தைக்கப் புது ஊசியும் நூலும் பையில் வைத்திருக்கிறேன். கை நடுங்கினால் தையல் கோணலாகத்தான் போகும், நீ திட்டாதே. என்ன சொல்வார்களோ என்று பயமாகத்தான் இருக்கிறது. உன்னைப் போகவிடாமல் பிடித்து நிறுத்திய அந்தப் பயம் இதுதானா? இவ்வளவு பெரியதா? எனக்குத் தெரியாமல் போயிற்றே.

கிச்சாப்புக்கு மீன் வேகவைத்து மூடி வைத்திருக்கிறேன். போயிட்டு வரேன்டி.