ஆண் நண்டின் சினை

கிள்ளான். ஐப்பசி 9, வியாழன்.

ஆற்றோர மூங்கில் கூண்டில் நான் விட்டவை எல்லாம் ஆண் நண்டுகள். இன்று பார்த்தால் மூன்றுக்கு வயிற்று மூடி பெண் நண்டுக்குப்போல் அகன்று, அடியில் மஞ்சளாய்ச் சினை தொங்குகிறது. என் ஆண்களை விற்றுவிட்டு மைத்துனன் தங்கவேலு இவற்றைப் போட்டுவிட்டான் என்றே நினைத்தேன். மீன் பாசாரில் நாலு பேர் முன்னால் கேட்டும்விட்டேன்.

"கூண்டுச் சாவி உங்க அரைஞாண்லதானே கெடக்கு, மாமா?" என்றான்.

வீட்டுக்கு வந்து அந்த மூன்றில் ஒன்றை அறுத்தேன். அது சினையே இல்லை, ஒரு பை. அதிலிருந்து வேர் வேராகக் கால் சதை வரை ஓடியிருந்தது. ஏதோ பூச்சி உள்ளே குடியேறி ஆணைப் பெண்ணாக்கியிருக்கிறது. நண்டும் அதைத் தன் சினையென்று காத்து வந்திருக்கிறது.

தங்கவேலு சாப்பிடாமல் படுத்துவிட்டான். தப்பு என்னுடையதென்று காலையில் அவனிடம் சொல்லவேண்டும்.

சாவியை மட்டும் அவனிடம் கொடுக்க இன்னும் இடுப்பிலிருந்து அவிழ்க்கவில்லை.