எனாமல் தட்டில் கோதுமைப் புல்

அக்டோபர் 9, வியாழன்

கோதுமைப் புல் முளைத்துவிட்டது. நெருக்கமாக, உயரமாக, பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அத்தனையும் மஞ்சள். சாக்கு போட்டு மூடி மாடிப்படிக்கு அடியில் வைத்திருந்தேன். என் வீட்டுக்காரர் டேவிட் வருஷா வருஷம் கிறிஸ்துமஸ் குடிலுக்குக் கோதுமை விதைத்தால் அப்படித்தானே மூடி வைப்பார்? அதைப் பார்த்தே பழகிய கண்.

கட்டிலில் படுத்தபடி தட்டைப் பார்த்துச் சிரித்தார். கீமோ தொடங்கிய பிறகு அவர் சிரித்து நான் பார்க்கவில்லை. "இன்னா தமா, எனக்கு வெதச்சியா, குடிலுக்கு வெதச்சியா? இருட்டுல வெச்சா உசரமா வரும். பச்சை எப்படி வரும்?"

நான் புத்த விகாரைக்குப் போகிற வீட்டில் பிறந்தவள். கல்யாணமான நாளிலிருந்து குடில் அவர் வேலை. புல், களிமண், ஆட்டுக்குட்டி பொம்மை, எதிலும் நான் கை வைத்ததில்லை. அதன் பலன் இது. எல்லாவற்றையும் கொட்டிவிட்டு மறுபடி கோதுமையை ஊறப்போட்டேன். மகன் விக்கி கடையிலிருந்து வாங்கிவந்த கோதுமைப் புல் பொடியில் பழைய வைக்கோல் வாசம். என் புருஷனுக்கு நானே செய்துகொள்கிறேன்.

அக்டோபர் 11, சனி

டாக்டரம்மாவிடம் கேட்டேன். "சாறா வேண்டாம்மா. கீமோ நேரத்துல பச்சையா குடிச்சா இன்ஃபெக்‌ஷன் வரும். பொடின்னா சமைக்கிறதுல ஒரு ஸ்பூன் போடுங்க. கீரை மாதிரி நினைச்சுக்கோங்க. மருந்துன்னு நினைக்காதீங்க."

விக்கியின் போனில் வேறு மாதிரி சொல்கிறார்கள். பச்சை ரத்தமாம். இரும்புச்சத்து, வைட்டமின், பச்சையம் எல்லாம் சேர்ந்து உடம்பில் ரத்தமாக ஊறுமாம். அதையும் சொன்னேன். டாக்டரம்மா சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் சண்டை போட்டிருப்பேன்.

அக்டோபர் 23, வியாழன்

இந்தத் தடவை பச்சை.

மொட்டை மாடியில், ஷீட் கூரை நிழலில், வெளிச்சம் படும்படி வைத்தேன். சாண் உயரம் வந்ததும் கத்தரிக்கோலால் அறுத்து, கழுவி, அவருடைய வெள்ளை வேட்டியில் பரப்பி ஃபேன் காற்றில் உலர்த்தினேன். வெயிலில் போட்டால் நிறம் செத்துவிடும். கையில் நொறுங்கும் பதம் வந்ததும் மிக்ஸியில் அரைத்துச் சலித்தேன். தட்டு தட்டாக அறுத்த புல்லுக்கு ஒரு சின்ன காபித்தூள் டப்பா நிறையவில்லை.

அறுத்த அடி மறுபடியும் துளிர்க்கும். ஆனால் அந்த இரண்டாம் புல்லில் சத்து குறைவு, பொடிக்கு ஆகாது என்கிறார்கள். வளர்ந்ததும் அதைத் தெருவில் வருகிற மாட்டுக்குப் போட வேண்டும்.

நவம்பர் 6, வியாழன்

கஞ்சியில் ஒரு ஸ்பூன். சப்பாத்தி மாவில், தோசை மாவில். வீடே பச்சையாகிவிட்டது. விக்கி டிபனைத் திறந்ததும் ஆபீசில், "இன்னாடா, சப்பாத்தி பாசி புடிச்சிருக்கு" என்றார்களாம். நான் கேன்டீன் வேலைக்குப் போயிருக்கும்போது தட்டுகளுக்குத் தண்ணீர் தெளிப்பது கீழ்வீட்டு யசோதா. அதற்குக் கூலியாகக் கொஞ்சம் பொடி கேட்டாள். பாதியை அரிசிமாவு அக்கி ரொட்டியில் போட்டாள், பாதியைத் தயிரில் குழைத்து முகத்தில் பூசிக்கொண்டாள். "ஷைனிங் பாரு அக்கா" என்று வந்து நின்றாள். பாவம், அப்படியேதான் இருந்தாள்.

டேவிட் கண்ணை மூடிக்கொண்டு குடிக்கிறார். "ஆடு துன்றதை ஆளுக்குக் குடுக்கிற" என்பதோடு சரி.

ரத்தம் கொஞ்சம் ஏறியிருக்கிறது. ஆஸ்பத்திரியில் ஏற்றிய ரத்தம்தான் காரணம் என்கிறார்கள். இருக்கட்டும். என் கஞ்சிக்கும் அதில் ஒரு பங்கு உண்டு.

நவம்பர் 19, புதன்

இனி கீமோ வேண்டாம் என்றார்கள். ஈரலுக்கும் போய்விட்டது. "அவருக்குப் பிடிச்சதைச் செஞ்சு குடுங்கம்மா."

ஆட்டோவில் என் கையைத் தட்டி, "அப்ப அந்தப் பச்சைக் கஞ்சி வேணாம்ல?" என்றார். விளையாட்டாகத்தான் கேட்டார். எனக்கு வந்ததே கோபம். அல்சூர் ஏரி தாண்டும்வரை முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அதையும் நிறுத்திட்டா நான் இன்னா பண்றது? கையைக் கட்டிக்கினு உக்காந்து பாக்கிறதா?

நவம்பர் 20, வியாழன்

இன்னும் இரண்டு தட்டு கூடுதலாக விதைத்தேன்.

டிசம்பர் 5, வெள்ளி

நான் வேலையிலிருந்து வந்ததும் யசோதா ஓடிவந்து சொல்கிறாள், அண்ணன் மொட்டை மாடிக்கு ஏறினார் என்று. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, படிக்குப் படி உட்கார்ந்து உட்கார்ந்து. எதற்கு என்று கேட்டேன். "வெயில் காயலாம்னு" என்றார். நன்றாகத் திட்டிவிட்டேன். நகத்தில் மண் இருந்தது. ஈரத்துணியால் துடைத்துவிட்டேன்.

டிசம்பர் 13, சனி

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒரு தட்டு இருந்தது. ஓரம் பெயர்ந்த பழைய எனாமல் தட்டு. இதில் எப்போது விதைத்தேன்? நினைவில்லை. இப்போது எதுதான் நினைவிருக்கிறது. ஒரு பக்கம் நெருக்கம், ஒரு பக்கம் வழுக்கை. ஆனால் புல் நல்ல கரும்பச்சை. அறுத்துவிட்டேன்.

இறங்கி வரும்போது விக்கி எதிரே வந்தான். கையிலிருந்த புல் எந்தத் தட்டில் இருந்தது என்று கேட்டான். சொன்னேன். நேரே அப்பாவின் அறைக்குள் போய்விட்டான்.

டிசம்பர் 15, திங்கள்

புதுப் பொடி போட்டுக் கஞ்சி. இரண்டு வாய்தான் இறங்கியது. "இது நல்லா கீது தமா" என்றார். இத்தனை நாளில் இதுதான் முதல் தடவை. மனசு நிறைந்துவிட்டது. புல் சரியான பதத்தில் அறுத்ததுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

டிசம்பர் 17, புதன்

டேவிட் போய்விட்டார். காலையில்.

டிசம்பர் 21, ஞாயிறு

டேவிட்டின் அக்கா எலிசபெத் அண்ணி தங்கவயலிலிருந்து வந்து எங்களோடு தங்கியிருக்கிறார். "துக்க வீடு. இந்த வருஷம் ஸ்டார் கட்ட வேணாம், குடிலும் வேணாம்" என்றார். சரி என்றேன். குடிலுக்கு யாரும் புல்கூட விதைக்கவில்லையே அண்ணி, என்றேன்.

விக்கி அழ ஆரம்பித்துவிட்டான்.

"வெதச்சாரும்மா. அந்த எனாமல் தட்டு அப்பா வெதச்சது. கிறிஸ்துமஸ் கிட்ட வந்தா மாடி ஏற முடியுமோ இன்னாவோன்னு முன்னாடியே வெதச்சிட்டாரு. நீ அறுத்ததும் போய்ச் சொன்னேன். 'உடுடா, எனக்காகத்தான அறுத்தா. அம்மா காதுல போட்றாத'ன்னாரு."

நான்தான் அறுத்தேன். நான்தான் அரைத்தேன். அதைக் கரைத்து அவருக்கே கொடுத்தேன். நல்லா கீதுன்னு குடிச்சாரே – ஏங்க, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? உங்களைப் படி ஏறினதுக்குத் திட்டினேனே.

டிசம்பர் 24, புதன்

துணி எடுக்க மாடிக்குப் போனேன். யாரும் நிறுத்தச் சொல்லாததால் யசோதா இன்னும் எல்லாத் தட்டுக்கும் தண்ணீர் தெளித்துக்கொண்டிருக்கிறாள். எனாமல் தட்டும் துளிர்த்திருந்தது. நாலு விரல் உயரம், மெலிந்த புல். அதே பக்கம் நெருக்கம், அதே பக்கம் வழுக்கை. "அறுத்துடவா அக்கா?" என்று கேட்டாள். இரண்டாம் புல், பொடிக்கு ஆகாது என்றேன்.

கீழே கொண்டுவந்து அவர் படத்துக்கு முன்னால் வைத்தேன். எலிசபெத் அண்ணி தட்டைப் பார்த்தார். பிறகு விக்கியைக் கூப்பிட்டு, பீரோ மேலிருந்த குடில் பெட்டியை இறக்கச் சொன்னார். பழைய செய்தித்தாளைப் பிரித்து ஆட்டுக்குட்டியை எடுத்து என் கையில் கொடுத்தார்.

அதை எங்கே வைப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. டேவிட்டிடம் ஒருநாளும் கேட்டதில்லை. விதை விழாமல் வழுக்கையாக இருந்ததே, அவர் கை எட்டாத பக்கம், அங்கே வைத்தேன்.