வராத தவளை

14.6.2003, சனி

நான் சொல்லித்தரும் கணினி வகுப்புக்கு வரும் தேவி இன்று கணக்கு விளையாட்டை மூன்றாவது முறையாக முதலிலிருந்து ஆரம்பித்தாள். ஒவ்வொரு கட்டத்தையும் முடித்ததும் ஒரு விலங்கு கிடைக்கும். எல்லாம் அவளிடம் இருக்கின்றன. கடைசிக் கூண்டில் மட்டும் தவளையின் நிழல்.

"எங்கியோ தப்பு போட்டுட்டேண்ணா, அதான் வரல. சேலையில பூ மாறிப்போனா எங்கப்பாவும் பிரிச்சிட்டுத்தான் நெய்வாரு."

அந்தத் தவளையை விளையாட்டுக் கம்பெனி வெளியிடவே இல்லை. போன வாரம் இணையத்தில் படித்துவிட்டு முதலாளியிடம் சொன்னேன். "சும்மா இருப்பா. அதுக்காகத்தான் பசங்க வந்துக்கினு இருக்குதுங்க" என்று சிரித்தார். நானும் சும்மா இருந்தேன். வேலை வேண்டுமே.

எவனோ ஏமாற்றியதற்குத் தறிக்காரர் வீட்டுப் பெண் தன்மேல் பழி போட்டுக்கொள்கிறாள். இன்று பொறுக்கவில்லை. முதலாளி எதிரிலேயே சொன்னேன்.

"தவளையே கிடையாதும்மா. அவங்க போடவே இல்ல."

அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"அப்ப நான் போட்ட கணக்கு எல்லாம் ரைட்டா?"

"எல்லாம் ரைட்டு."

முகம் மலர்ந்தது. உடனே சுருங்கியது.

"உங்களுக்கு எப்பண்ணா தெரியும்?"

முதலாளி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னிக்குத்தான்மா" என்றேன்.