மூடிமேல் போட்ட கங்கு

மாப்ள,

இன்று காலை இட்லி பாதி வெந்துகொண்டிருக்கும்போது கேஸ் தீர்ந்துபோனது. மூலையில் கிடக்கும் கரி மூட்டையைப் பார்த்தாலே முறைக்கிற என் வீட்டுக்காரி, தானே பழைய கரியடுப்பை எடுத்து வைத்தாள். கங்கு பிடித்த வாசனையில் நீ கண்முன் வந்து நின்றுவிட்டாய்.

சிங்கப்பூர் மின்நிலையத்தில் குழாய் பொருத்தும் வேலை உனக்கு. லீவில் பாளையம்பட்டிக்கு வந்தால் டீக்கடையில் வகுப்புத்தான். கப்பலில் வரும் எண்ணெயையே நம்பிக் கிடந்த அந்தத் தீவுக்கு, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மலேசியாவிலிருந்து குழாய்வழி கேஸ் வந்த கதை எங்கள் எல்லோருக்கும் மனப்பாடம். குழாயை நீ ஒற்றையாளாகத் தோளில் சுமந்துவந்த மாதிரியே பேசுவாய். "ஏலே, தீவுக்காரன் ஒண்ணையே நம்ப மாட்டான். கேஸு வந்தாலும் எண்ணெய்த் தொட்டிய நெறச்சுத்தான் வச்சிருப்பான்."

அப்படிப்பட்ட நீதான், உன் மகள் கல்யாண விருந்துக்கு நான் மல்லாங்கிணற்றிலிருந்து ஏற்றிவந்த விறகையும் கரியையும் வாசலிலேயே திருப்பி அனுப்பினாய். "புகையே ஆகாது. பூராம் கேஸுதான்." கரி வியாபாரிக்கு எப்படி இருக்கும்? கோபித்துக்கொண்டு போயிருப்பேன்; பிரியாணி வாசனை விடவில்லை.

மதுரைச் சம்பந்தி வீட்டார் பசியோடு பந்திக்குக் காத்திருந்தார்கள். பிரியாணி தேக்சாவை மூடிவிட்டுச் சமையல் பண்டாரி உன்னிடம் கேட்டார்: "பாய், தம் போடணும். மூடி மேல போடக் கங்கு எங்க?"

நீ சிலிண்டரையே பார்த்துக்கொண்டு நின்றாய். கேஸ் அடுப்பைக் கவிழ்த்து மூடிமேல் வைக்க முடியுமா என்று நீ கேட்டதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். பண்டாரி தலையில் அடித்துக்கொண்டார். உனக்கு வேர்த்துக் கொட்டியது. என் பக்கம் திரும்பினாய்.

"மாப்ள, வண்டி போயிருச்சாடா?"

"தெரு முக்குலதான் நிக்குது. எப்பிடியும் கூப்பிடுவன்னு நிப்பாட்டி வச்சிருக்கேன்."

கொஞ்சம் முறுக்கிக்கொள்ளலாம் என்றுதான் இருந்தேன். உன் முகத்தைப் பார்த்ததும் மனசு வரவில்லை.

கங்கு மூடியேறியதும் உனக்குச் சிங்கப்பூர் திரும்பிவிட்டது. "தீவுல இப்பிடித்தான் சம்பந்தி. கீழ ஒண்ணு, மேல ஒண்ணு. எதுக்கும் ரெண்டு ஏற்பாடு வச்சிருப்போம்." கையெல்லாம் கரியோடு நான் பக்கத்திலேயே நின்றேன். சிரிப்பை அடக்க முடியாமல் கொல்லைப்பக்கம் போனேன். அங்கே முதல் தட்டை நீயே கொண்டுவந்து நீட்டினாய்.

"அந்த ரெண்டாவது ஏற்பாடு நீதாம்லே."

நீ மண்ணுக்குள் போனபிறகும் என் வீட்டில் கரி மூட்டை காலியானதில்லை. கேஸ் தீர்ந்தால் அது இருக்கிறது. உனக்குத்தான், மாப்ள, நான் இரண்டாவது ஏற்பாடு எதுவும் வைத்துக்கொள்ளவில்லை.