கால் தெரியுற கேமரா

என் செல்ல மகனுக்கு அம்மா எழுதுறேன். இங்கே எங்க ரெண்டு பேர் உடம்புக்கும் ஒரு குறையும் இல்லை, உனக்கும் அங்கே தலைவலி காய்ச்சல்னு எதுவும் வரக்கூடாது, வேளைக்குச் சாப்பிட்டு நேரத்துக்குத் தூங்கணும். போன் இருக்கும்போது எதுக்கும்மா லெட்டர்னு சிரிப்ப. நல்லா சிரி. போன்ல பேசினா நீ சரிம்மா சரிம்மான்னு அவசரப்படுத்துற, நான் சொல்ல வந்ததுல பாதி மறந்துபோகுது, மீதியை உங்கப்பா அடுத்த ரூம்ல பேப்பர் படிக்கிற மாதிரி உட்கார்ந்து ஒட்டுக்கேட்டுடறார். அதனால வேலைக்கு நடுவுல, பல் கிளினிக்ல வச்சே எழுதுறேன். உள்ளே டாக்டர் யாருக்கோ பல்லை வேர் வரைக்கும் தோண்டிக்கிட்டிருக்கார், வெளியில ரெண்டு பேர் கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்காங்க, வாயைத் திறக்கவே முடியாத ஆளுங்க, எனக்கு எழுத நிம்மதியா இருக்கு.

நீ அனுப்பின பார்சல் காணாமப் போனதுலேர்ந்து இந்தக் கேமரா பேச்சு ஓயலை. அப்பாவுக்குன்னு நீ ஷூ வாங்கி அனுப்பினது எனக்கு எவ்வளவு பெரிய விஷயம்னு உனக்குத் தெரியாது. ஹோட்டல் லாண்டரியில நாள் முழுக்க நின்னுக்கிட்டே இஸ்திரி போடுற மனுஷன், அதே லாண்டரியில மேனேஜர்கிட்ட கெஞ்சிக் கூத்தாடி உனக்கும் ஒரு வேலை வாங்கிக் கொடுத்தார், நீ சொல்லாம கொள்ளாம விசா வாங்கிக்கிட்டுப் பறந்துட்ட. அன்னிலேர்ந்து உங்க ரெண்டு பேருக்கும் நேர்ப் பேச்சே இல்லை, அவர் வாயில நீ 'உன் பிள்ளை', உன் வாயில அவர் 'உங்க வீட்டுக்காரர்'. உன் பிள்ளை சாப்பிட்டானான்னு கேளு, உங்க வீட்டுக்காரர் மாத்திரை போட்டாரான்னு கேளுங்கம்மான்னு ரெண்டு பேரும் என்னைத் தபால்காரி ஆக்கிட்டீங்க. அப்படி இருந்தவன் ஒரு ஷூ அனுப்பினா நான் சும்மா இருப்பேனா, வருதா வருதான்னு வாசலையே பார்த்துக்கிட்டிருந்தேன். கடைசியில கூரியர்காரர் கொடுத்தாச்சுங்கிறார், வீட்டுல ஒண்ணும் இல்லை. வீட்டு ஐயாகிட்டதான் கொடுத்தேன்னு அந்த மனுஷன் அடிச்சுச் சொன்னார், உங்கப்பா எனக்கு எதுவும் தெரியாதுன்னு கையை விரிச்சார், நான் கூரியர்காரரைப் பிடி பிடின்னு பிடிச்சுட்டேன். நீயும் உடனே வாசல்ல கேமரா வைக்கணும், மணியிலயே கேமரா இருக்கிறது வேணும்னு நின்ன. எனக்குத் திருடன் பயமெல்லாம் கிடையாதுடா. நீங்க ரெண்டு பேரும் இப்படி என் வாய் வழியாவே பேசிக் காலத்தைத் தள்ளிடுவீங்களோன்னுதான் பயம்.

சரி, கேமராவுக்கு வரேன். எதை வாங்கலாம்னு முடிவு பண்ணிட்டியாம்மான்னு கேட்டுக்கிட்டே இருக்க, எனக்குத் தலையும் புரியலை வாலும் புரியலை. நீ அனுப்பின படத்துல எல்லாமே ஒத்தைக் கண்ணோட என்னையே முறைக்குது. பேட்டரியில ஓடுறதுன்னு ஒண்ணு, சார்ஜ் போடணும்னா அதைக் கழற்றி உள்ளே கொண்டுவரணுமாம், அந்த நேரம் பார்த்துத் திருடன் வந்தா மேஜை மேல படுத்திருக்கிற கேமரா என்ன பண்ணும், சொல்லு. வயர்ல ஓடுறது ஒண்ணு, அதுக்குச் சுவரைக் குடையணும், வீட்டு ஓனர் தாம்தூம்னு குதிப்பார். படத்தைத் தனக்குள்ளேயே சின்னக் கார்டுல வச்சுக்கிறது ஒண்ணு, திருடன் அதையே பிடுங்கிக்கிட்டுப் போனா அவன் படமும் அவனோடவே போயிடுமே. படத்தையெல்லாம் எங்கேயோ இருக்கிற கம்பெனியில சேர்த்து வைக்கிறது இன்னொண்ணு, அதுக்கு மாசா மாசம் கட்டணும். என் வீட்டு வாசலை நான் பார்க்க அடுத்தவனுக்கு ஏன் கட்டணும்னு கேட்டா கடையில இருக்கிற பொண்ணு சிரிக்குது. இருட்டுல தெரியுமான்னு கேட்டேன், போட்டுக் காட்டிச்சு, தெரியுது, ஆனா மனுஷங்க எல்லாம் கண்ணு வெள்ளையாகிப் பேய் மாதிரி வராங்க. பல் டாக்டர்கிட்ட கேட்டேன், அவர் தன் கேமராவைப் புகழ்ந்து தள்ளினார், ஊசின்னதும் நைசா எழுந்து ஓடுறவங்களை உள்ளேயிருந்தே பிடிச்சுடுவாராம். நம்ம வாசலுக்கு அது எப்படிச் சரிப்படும்னு எனக்குப் பிடிபடலை. ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க, கண்ணைக் கட்டிக் காட்டுல விட்ட மாதிரி இருக்கு.

இதுல உங்கப்பா பண்ணின கூத்தைக் கேளு. கேமராவாவது கத்தரிக்காயாவது, எல்லாம் உன் பிள்ளையோட பகட்டுன்னு முதல்ல உர்ருனு உட்கார்ந்திருந்தார். கடைக்குப் போகலாம்னதும் என்ன நினைச்சாரோ சட்டையை மாட்டிக்கிட்டு எனக்கு முன்னாடி படியிறங்கினார். அங்கே போனா அந்தப் பொண்ணு எதைக் காட்டினாலும் இவருக்கு ஒரே கேள்விதான், இதுல கால் தெரியுமா. பொண்ணு முகம் பளிச்சுனு தெரியும் சார்ங்குது, இவர் முகம் கிடக்கட்டும்மா, கால் தெரியுமாங்கிறார். அடுத்ததை எடுத்தா அதுலயும் கால். எனக்கு மானம் போச்சு. வெளியில வந்து ஏங்க, உங்களுக்கு என்ன ஆச்சுன்னு கேட்டேன், திருடன் முகத்தை மூடிக்கிட்டு வருவான், காலை மூடிக்கிட்டு வருவானா, உனக்கு ஒரு எழவும் தெரியாதுன்னு எரிஞ்சு விழுந்தார். டாக்டர்கிட்ட சொன்னா அட, சரியாத்தானே கேட்டிருக்கார்னு அவரும் தலையாட்டுறார். படிச்சவர் சொல்றாரேன்னு விட்டுட்டேன், ஆனா மனசுக்குள்ள இந்த மனுஷனுக்கு ஏதோ ஆகிப்போச்சுன்னு ஒரு உறுத்தல் இருந்துச்சு.

கடையில ஒண்ணும் முடிவாகலைன்னதும் நம்ம எலெக்ட்ரீஷியன், அதான் வாய்க்கு வாய் பொறுமை பொறுமைன்னு சொல்லி அதுவே பேராகிப்போனவர், தன்கிட்ட இருந்த பழைய பெல் கேமரா ஒண்ணைக் கொண்டுவந்து மாட்டினார், கொஞ்ச நாள் வச்சுப் பாருங்க, என்ன வேணும்னு தானாப் புரியும்னார். உன் போனோட அதைச் சேர்த்துவிட்டதும் அவர்தான், இங்கே மணி அடிச்சா அங்கே உன் போன் அடிச்சுப் படம் வருமாம், நீ எடுத்தா வாசல்ல நிக்கிறவங்களோட பேசலாமாம். ஒரு நாளைக்கு எத்தனை வாட்டிதான் அது கத்தும்! பூனை போனா கத்துது, எதிர்வீட்டுத் துணி காத்துல ஆடினா கத்துது. எதிர்வீட்டு அம்மா முகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டாங்க, அவங்க வாசல் அதுல முழுசாத் தெரியுதாம், குப்பைக் கூடையை வெளியில வைக்கக்கூடத் தலை வாரிக்கிட்டு வர வேண்டியிருக்காம். நியாயம்தானே, நான் போய்ச் சமாதானம் சொல்லி, அந்தப் பக்கம் மறையுற மாதிரி ஒரு தகடு வைக்கச் சொல்லிப் பொறுமைகிட்ட சொல்லியிருக்கேன். நீ ஒரு நாள் அங்கேயிருந்து யாருங்க வேணும்னு திடீர்னு பேசினியே, வந்தது அதே கூரியர்காரர்தான், சுவர் பேசுதுன்னு கையில இருந்த பார்சலைப் போட்டுட்டார். ஏற்கனவே என்கிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டவர், பாவம்.

அப்புறம்தான் உங்கப்பா மணி அடிக்க ஆரம்பிச்சார். வாழ்க்கையில என்னைக்காவது மணி அடிச்சிருக்காரா, சட்டைப் பையில சாவி, திறந்துக்கிட்டு வருவார். இப்போ தினம் சாயங்காலம் வேலை விட்டு வந்ததும் டிங் டாங். முட்டியைப் பிடிச்சுக்கிட்டு நான் எழுந்து போய்த் திறந்தா நல்ல பிள்ளை மாதிரி செருப்போட நிக்கிறார். சாவி எங்கேன்னா பையிலதான் இருக்குங்கிறார். அப்புறம் எதுக்கு அடிக்கிறீங்கன்னா, வேலை செய்யுதான்னு பார்க்க வேண்டாமாங்கிறார். நீயும் போன்ல கேட்டியே, ஏம்மா உங்க வீட்டுக்காரர் தினம் மணி அடிக்கிறார், எனக்கு இங்கே மீட்டிங் நடுவுல போன் அலறுது, கட் பண்ணிக் கட் பண்ணி அலுத்துப்போச்சுன்னு. எனக்கும் தெரியலைடான்னுதான் சொன்னேன், சத்தியமாத் தெரியலை.

போன வாரம் பாத்ரூம் குழாய் பிச்சுக்கிட்டு அடிச்சுது. தண்ணியை நிறுத்தலாம்னு வெளியில ஓடிப்போய் மாடிப்படி பக்கத்துல மீட்டர் இருக்கே, அந்த அலமாரியைத் திறந்தேன். அடியில ஒரு அட்டைப் பெட்டி. மேல உன் கையெழுத்து, கோழி கிளறின மாதிரி. திறந்தா உள்ளே உங்கப்பாவோட பழைய செருப்பு. தண்ணி வீட்டுக்குள்ள ஆறா ஓடுது, நான் செருப்பைக் கையில வச்சுக்கிட்டு அப்படியே நிக்கிறேன். திருடனும் இல்லை ஒருத்தனும் இல்லை, கூரியர்காரர் சொன்னது நிஜம். வாங்கி உள்ளே கொண்டுவர ரோஷம் விடலை, திருப்பி அனுப்ப மனசு வரலை, நான் வேற பார்சல் போச்சேன்னு வீட்டை ரெண்டாக்கிட்டேன், அதுக்கப்புறம் எந்த முகத்தோட சொல்லுவார். காலையில செருப்போட இறங்கி, அலமாரிகிட்ட ஷூ மாத்திக்கிட்டுப் போறார், சாயங்காலம் திரும்ப மாத்திக்கிட்டு ஒண்ணும் தெரியாத மாதிரி உள்ளே வரார். திருட்டு மனுஷன்!

அன்னிக்குச் சாயங்காலம் கதவு ஓட்டை வழியாப் பார்த்துக்கிட்டே நின்னேன். படியேறி வந்தார். சட்டையை இழுத்துவிட்டுக்கிட்டார், இஸ்திரி கலைஞ்சிருக்கான்னு பார்க்கிற பழக்கம்தான் உனக்குத் தெரியுமே. மணியை அடிச்சார். அடிச்சுட்டுப் பின்னாடி ஒரு எட்டு வச்சார், இன்னும் ஒண்ணு, முதுகு கைப்பிடிச் சுவர்ல முட்டுற வரைக்கும் போனார். ஸ்டூடியோவுல போட்டோ பிடிக்க நிக்கிற மாதிரி ரெண்டு காலையும் சேர்த்து வச்சுக்கிட்டு மணியையே பார்க்கிறார். கீழே ஷூவைப் பார்க்கிறார், மறுபடி மணியைப் பார்க்கிறார். மணியிலேர்ந்து உன் குரல் வரலை. நீ கட் பண்ணியிருப்ப. அப்புறம் மெதுவா அலமாரிப் பக்கம் போய்க் குனிஞ்சார், நான் முட்டியைப் பிடிச்சுக்கிட்டு எழுந்து வர்றதுக்குள்ள தினமும் செருப்பு மாத்திக்கிறது இப்படித்தான். எனக்கு அழுகையும் வந்துச்சு, சிரிப்பும் வந்துச்சு, வாயில முந்தானையை அடைச்சுக்கிட்டுப் போய் உட்கார்ந்துட்டேன். உன் மேல கோபம்கூட வந்துச்சு, அப்புறம் நினைச்சேன், நீ மட்டும் என்ன கண்ட. பொறுமை நல்ல உயரம், தன் உயரத்துக்கு மாட்டியிருக்கார், உன் போன்ல உங்கப்பாவோட நெத்தியும் மூக்கும்தான் வரும், எவ்வளவு பின்னாடி போனாலும் இடுப்போட நின்னுடும். நீ பார்த்ததெல்லாம் உர்ருனு ஒரு முகம். அவர் காட்டினது அதை இல்லைடா.

அந்த ஷூ ஒரு அளவு பெருசு, ரெண்டு சாக்ஸ் மாட்டிக்கிட்டுப் போறார், எங்கேடா போச்சு இத்தனை சாக்ஸும்னு நான் தேடிக்கிட்டிருந்தேன். ஆனா இடது கால் கட்டைவிரல் எலும்பு துருத்திக்கிட்டிருக்கிறதை நினைவு வச்சு, முன்பக்கம் அகலமாப் பார்த்து வாங்கியிருக்க பாரு, அது அவருக்குத் தெரிஞ்சிருக்கு. இப்போ ராத்திரி கால் வலிக்குதுன்னு தைலம் கேட்கிறதில்லை. நானும் எதையும் கண்டுக்கலை, அலமாரியைத் திறந்ததையே சொல்லலை, தண்ணியைப் பொறுமை வந்து நிறுத்தினார்னு சொல்லிட்டேன். எனக்குத் தெரியும்னு நீயும் மூச்சு விடாதே. நான் கண்டுபிடிச்சுட்டேன்னு தெரிஞ்சா மறுநாளே பழைய செருப்புக்குத் திரும்பிடுவார், அவ்வளவு வீம்பு. உனக்கு மட்டும் குறைச்சலா, ரெண்டும் ஒரே அச்சு.

அதனால கேமரா இப்போ எனக்குக் குழப்பமே இல்லை. பேட்டரியோ வயரோ, கார்டோ கம்பெனியோ, அதை நீயும் பொறுமையும் பேசிக்கோங்க, எனக்கு அது இப்பவும் புரியலை, புரியவும் வேண்டாம். தலையிலேர்ந்து கால் மிதியடி வரைக்கும் ஒரே படத்துல தெரியணும், அது ஒண்ணுதான் வேணும். அது வர்ற வரைக்கும் இதையே கீழே இறக்கிக் கொஞ்சம் சாய்ச்சு மாட்டச் சொல்லியிருக்கேன். ஏம்மான்னு கேட்டார் பொறுமை, திருடன் காலைப் பார்க்கன்னு சொன்னேன்.

டாக்டர் கூப்பிடுறார், அந்தப் பல்லு ஒருவழியா வெளியில வந்துடுச்சு போல. உடம்பைப் பார்த்துக்கோ, வெறும் வயித்துல காபி குடிக்காதே, குளிர்ல காதை மூடிக்கிட்டுப் போ. எங்கே இருந்தாலும் நீ நல்லா இருக்கணும், நாலு பேர் மெச்ச வாழணும், என் ஆயுசும் உனக்கே சேரட்டும். ஒண்ணே ஒண்ணு மட்டும் மறக்காதே. இந்த லெட்டர் கைக்கு வந்ததும் எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடு, நான் புரிஞ்சுக்குவேன். அன்னிக்குச் சாயங்காலம் மணி அடிச்சா நான் எழுந்து போய்க் கதவைத் திறக்க மாட்டேன். அவர் ஷூவோட வாசல்லயே நிப்பார், இப்போ உனக்குக் கால் வரைக்கும் தெரியும். மீட்டிங் இருந்தாலும் கட் பண்ணாதே, எடு. பெருசா எதுவும் பேச வேண்டாம், அளவு சரியா இருக்காப்பான்னு மட்டும் கேளு.

உன்னையே நினைச்சுக்கிட்டிருக்கிற
அம்மா